சங்கத்தின் சாவி யாருடைய சட்டைப்பையில்?



இந்தப் பக்கத்தில் வழமையாகக் கொள்வனவு, விற்பனை, கடன், வங்கி என்றுதான் எழுதி வருகிறேன். இந்த வாரம் இலாபம் தேடாத அமைப்புகள் பற்றி எழுதுகிறேன். வியாபாரப் பக்கத்துக்கு இது பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். காத்தான்குடி, ஏறாவூர் என்று நமது வாவிக்கரை ஊர்களில் எதை எடுத்தாலும் பள்ளிவாசல் நிருவாக சபை, ஜனாஸா நலன்புரிச் சங்கம், ஸக்காத் நிதியம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று பல அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் பொறுப்பாக இருப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற கடைக்காரர்கள்தான்.

கடையில் ஒரு கிலோ சீனி கடனாகப் போனாலும் கொப்பியில் எழுதுகிறோம். சங்கத்துக்கு வந்தால் மட்டும் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அதனால் நான் பட்டதைச் சொல்லிவிட்டு, படித்ததையும் சொல்கிறேன்.

ஒரு பெயர் விடுபட்ட கதை

2020 மார்ச் 20-ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. கூலி வேலை செய்தவர்கள், வாவியில் மீன் பிடித்தவர்கள், தையல் தைத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் வருமானம் நின்றது. நான் பொருளாளராக இருந்த சங்கத்தில் உலருணவுப் பொதி கொடுக்கத் தீர்மானித்தோம். கூட்டம் கூட முடியாது. ஆகவே, ஒவ்வொரு வீதிக்கும் பொறுப்பான அங்கத்தவர் தன் வீதியில் கஷ்டப்படும் குடும்பங்களின் பெயர்களை வட்ஸ்அப் குழுவில் போடுவது என்று முடிவாயிற்று. கணனி தெரிந்த ஒரு தம்பி அவற்றைப் பார்த்துப் பட்டியல் தயாரித்தார். பொதி கட்டினோம், கொடுத்தோம், அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

மூன்றாம் நாள் ஊரடங்கு தளர்த்தப்பட்ட நேரத்தில் ஒரு சகோதரி கடைக்கு வந்தார். ஆற்றங்கரைப் பக்கம் இருப்பவர், கணவர் மௌத்தாகி நான்கு வருடம். சாமான் எதுவும் கேட்கவில்லை.

"காக்கா, எங்கட பேரு லிஸ்டில இல்லியாம். எங்களுக்கு வேற ஆரும் குடுப்பாங்க எண்டு நினைச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு குழுவில் மேலே மேலே தள்ளித் தேடினேன். அவருடைய பெயர் இருந்தது. வீதிப் பொறுப்பாளர் இரவு பதினொன்றரை மணிக்குக் குரல் பதிவாகச் சொல்லியிருந்தார். அதன் பின்னால் துஆக்கள், ஊரடங்குச் செய்திகள், இஞ்சி குடித்தால் கொரோனா வராது என்று ஒருவர் பேசும் வீடியோ என்று நாற்பதுக்கும் மேற்பட்ட தகவல்கள் குவிந்திருந்தன. அந்தக் குரல் பதிவை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்னொரு பக்கம், மூன்று வீடுகளுக்கு இரண்டு பொதி போயிருந்தது. ஒரு தடவை மாமனார் பெயரில், மறு தடவை மருமகன் பெயரில்.

மறுநாள் கடையிலிருந்தே ஒரு பொதி கட்டி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இத்தோடு முடியவில்லை. 2021-இல் அந்தத் தம்பி கத்தாருக்குத் தொழிலுக்குப் போனார். பட்டியல், பில்களின் படங்கள், கடிதங்கள் எல்லாம் அவருடைய சொந்த மின்னஞ்சல் கணக்கில் இருந்தன. அவர் இங்கே பாவித்த சிம் காலாவதியாகிவிட்டது. வேறு தொலைபேசியிலிருந்து திறக்கப் போனால், பழைய இலக்கத்துக்கு வந்த குறியீட்டைத் தரும்படி கேட்கிறது. அவரைக் குறை சொல்லவே முடியாது. இரண்டு வருடம் ஒரு சதமும் வாங்காமல் நமக்கு வேலை செய்தவர். தனிப்பட்ட ஒருவரின் சட்டைப்பையில் சங்கத்தின் சாவியைப் போட்டது நிருவாகத்தில் இருந்த நாங்கள்தான்.

அந்த நேரம் பார்த்து, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய நம்மூர்ச் சகோதரர் ஒருவர் கணக்கு விபரம் கேட்டார். மொத்தக் கடைக்காரரின் பில் பிரதிகளையும் எனது சீஆர் கொப்பியையும் வைத்து நான்கு இரவுகள் உட்கார்ந்தோம். பதினெட்டுப் பொதிகளுக்குக் கணக்கு வரவில்லை. களவு போகவில்லை என்று எங்களுக்குத் தெரியும். அதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. தலைவரும் நானும் அந்தப் பணத்தைக் கைக்காசில் போட்டோம். பணம் சரியாயிற்று. தேநீர்க் கடைப் பேச்சு சரியாக ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

நமது நாடு உலகுக்குக் கொடுத்த கருவி

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான், மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்க்கத் தொடங்கினேன். தேடிப் போனால், மிகப் பெரிய பாடம் நமது நாட்டிலேயே இருந்தது.

2004 டிசம்பர் 26-ஆம் திகதி சுனாமி வந்ததை இந்தக் கரையில் யாரும் மறக்க முடியாது. இலங்கையில் மட்டும் 35,000-க்கும் மேற்பட்டோர் மரணித்தோ காணாமலோ போனார்கள். அதன் பிறகு உதவி வந்தது. மலை போல வந்தது. ஆனால் யாருக்கு, எங்கே, எவ்வளவு என்று ஒரு இடத்தில் கணக்கு இருக்கவில்லை. ஒரு முகாமுக்கு இரண்டு லொறி உடுப்பு வந்து இறங்கும், பக்கத்து முகாமில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. வள்ளம் இழக்காதவருக்கு வள்ளம் கிடைத்ததையும், இழந்தவர் பார்த்துக்கொண்டு நின்றதையும் நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம்.

அந்த நாட்களில் கொழும்பில் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்களும், பல மென்பொருள் கம்பனிகளின் இளைஞர்களும் தொண்டர்களாகச் சேர்ந்து, இரவு பகலாக ஒரு மென்பொருளை உருவாக்கினார்கள். அதற்கு "சஹன" என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அதை யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், தேவைக்கேற்ப மாற்றலாம் என்று திறந்தும் விட்டார்கள்.

சஹனவில் நாம் கற்க வேண்டியது அதன் கணனி நுட்பத்தை அல்ல. அதன் அடிப்படையே நான்கு கேள்விகள்தான். காணாமல் போனவர்கள் யார்? எந்த முகாமில் எத்தனை பேர்? எங்கே என்ன தேவை? எந்த அமைப்பு எங்கே என்ன செய்கிறது? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தனிப் பதிவேடு. கேள்வியைச் சரியாகப் பிரித்த பிறகுதான் கணனியைத் தொட்டார்கள்.

அந்த மென்பொருள் 2005-இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும், 2006-இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், 2010-இல் ஹெய்ட்டி பூமியதிர்ச்சியின்போதும் பாவிக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டுக்கு, சமூகத்துக்குப் பயன்தரும் மென்பொருளுக்கான சர்வதேச விருதையும் கட்டற்ற மென்பொருள் அமைப்பிடமிருந்து பெற்றது. நமது நாட்டின் கண்ணீரில் பிறந்த ஒரு கருவி, மற்ற நாடுகளின் கண்ணீரைத் துடைக்கப் போயிருக்கிறது. அதே பாடத்தை, ஒரு சங்கத்தின் பொதிப் பட்டியலுக்கு நான் பாவிக்கத் தவறியிருந்தேன்.

கடையில் இருப்பதுதான் சங்கத்திலும்

நமது கடையை எண்ணிப் பாருங்கள். வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: "இன்று கடை மாலை 6 மணி வரை". உள்ளே மேசையில் பேச்சு நடக்கிறது. லாச்சிக்குப் பக்கத்தில் பில் புத்தகமும் கடன் கொப்பியும் இருக்கின்றன. புதிதாக வந்த பொடியனுக்குத் தராசு பிடிக்கவும் விலை சொல்லவும் பழக்குகிறோம். பலகை, பேச்சு, பதிவு, பழக்கம். இந்த நான்கும் வேறு வேறு. பலகையில் யாரும் கடன் எழுதுவதில்லை. மேசைப் பேச்சைக் காட்டி யாரும் வங்கியில் கடன் கேட்பதில்லை.

சங்கங்களில் நாம் செய்யும் தவறு, இந்த நான்கையும் ஒரே வட்ஸ்அப் குழுவில் போட்டு அடைப்பதுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பலகை

அங்கத்தவர்களுக்கு அறிவிப்பதற்கென்று ஒரு தனிக் குழு வைத்துக்கொள்ளுங்கள். அதில் நிருவாகிகள் மட்டுமே தகவல் போட முடியும் என்று அமைக்கலாம். இந்த வசதி 2018-இலிருந்து வட்ஸ்அப்பில் இருக்கிறது. ஜனாஸா அறிவித்தல், கூட்டத் திகதி, சந்தா கட்டவேண்டிய நாள் ஆகியவை மட்டும் அதில் வரட்டும். ஸலாமுக்குப் பதில் ஸலாம், அதற்கு ஐம்பது பேர் ஆமீன் என்று வந்தால் மக்கள் குழுவின் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். பிறகு ஜனாஸா செய்தியும் அவர்களுக்குக் கேட்காது.

எல்லோரிடமும் ஸ்மார்ட் போன் இல்லை. வயதானவர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள், அல்லது ஒரு கோல் எடுங்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியையும் அறிவித்தல் பலகையையும் கைவிட வேண்டாம்.

2. பேச்சு

நிருவாக சபைக்கு மட்டும் ஒரு சிறிய குழு. அதில் பேசலாம், வாதிடலாம். ஆனால் ஒரு விதியைக் கட்டாயமாக்குங்கள். குழுவில் எடுத்த முடிவு, கூட்ட அறிக்கையில் எழுதப்படும் வரை முடிவு அல்ல. செயலாளர் கிழமைக்கு ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்கி, "இந்தக் கிழமை தீர்மானித்தவை" என்று எழுதி, திகதி போட்டு, கோவையில் சேர்க்க வேண்டும். குரல் பதிவில் வந்த பெயரும் தொகையும் எழுத்துக்கு மாறாவிட்டால் அவை வரவில்லை என்றே கருத வேண்டும். பெயரைச் சொன்னவருக்கும் அதைத் தெரியப்படுத்த வேண்டும். இந்த ஒரு விதி 2020-இல் எங்களிடம் இருந்திருந்தால், அந்தச் சகோதரி கடைக்கு வந்திருக்க மாட்டார்.

வெளியூரில் இருப்பவர்களோடு கூட்டம் வைக்க ஸூம் பாவிக்கிறார்கள். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் தானாக முடிந்துவிடும். நான் அதை ஒரு நன்மை என்றே சொல்வேன். நிகழ்ச்சி நிரலை முதல் நாளே அனுப்பிவிட்டால் 40 நிமிடம் போதும். அனுப்பாவிட்டால் நான்கு மணித்தியாலமும் போதாது.

3. பதிவு

இதுதான் உயிர். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததல்ல. கடைக்கு எடுத்துக்கொண்ட அந்தப் பாடத்தைச் சங்கத்துக்கும் எடுக்க வேண்டும்.

கூகுள் ஷீட்ஸ் என்ற கணக்குத் தாள் இலவசம். ஒரே தாளைப் பலர் தங்கள் தொலைபேசியிலேயே திறக்கலாம். யார் எந்த நேரத்தில் எதை மாற்றினார் என்பது அதன் பழைய பிரதிகளில் பதிவாகும். இது நமது பில் புத்தகத்தின் காபன் பிரதி போன்றது. வீதிப் பொறுப்பாளர்கள் பெயர் அனுப்புவதற்குக் கூகுள் போர்ம்ஸ் என்ற படிவம் இருக்கிறது. அவர் நிரப்பினால் நேரே தாளில் வந்து விழும், நடுவில் வீடியோ வந்து மறைக்காது.

பட்டியல் போடும்போது பெயருக்குப் பெயர் எழுதாமல் வீட்டுக்கு வீடு எழுதுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு இலக்கம். மாமனார் பெயரில் வந்தாலும் மருமகன் பெயரில் வந்தாலும் வீட்டு இலக்கம் ஒன்றாக இருந்தால் இரண்டு தடவை போகாது. கொடுத்த திகதி, கொடுத்தவரின் பெயர் என்று இரண்டு நிரல்களும் இருக்கட்டும். நாங்கள் தொலைத்த பதினெட்டுப் பொதிகள் இந்த இரண்டு நிரல்களும் இல்லாததால்தான் தொலைந்தன.

எழுத்துருப் பிரச்சினை ஒன்றும் உண்டு. நமது பகுதியில் நீண்ட காலம் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணனியிலோ தொலைபேசியிலோ திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். பத்து வருடத்துக்கு முந்தைய சங்கக் கடிதங்கள் இன்று வாசிக்க முடியாமல் கிடப்பது இதனால்தான். இனி எழுதுவதை யுனிகோட் தமிழில் எழுதுங்கள். பழையவற்றை மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. சங்கத்தின் யாப்பையும் காணி சம்பந்தமான கடிதங்களையும் முதலில் மாற்றுங்கள்.

4. பழக்கமும் படிப்பும்

மார்ட்டின் டூகியாமாஸ் என்ற அவுஸ்திரேலியர் சிறு வயதில் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். பக்கத்தில் பாடசாலை இல்லாததால் வானொலி வழியாகப் பாடம் படித்தார். அவர்தான் பின்னாளில் "மூடில்" என்ற இணையக் கற்றல் மென்பொருளை உருவாக்கினார். அதன் முதலாவது பதிப்பு 2002-இல் வெளிவந்தது. அதுவும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இன்று நமது நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர்கள் பாடக்குறிப்பை எடுப்பதும் ஒப்படையைக் கொடுப்பதும் அதில்தான். தூரத்திலிருந்து படிப்பதன் கஷ்டம் தெரிந்தவர் செய்த கருவி அது.

நாங்களோ படிப்பவரின் பக்கத்திலிருந்து யோசிக்கவில்லை. 2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு, சங்கத்தின் சார்பில் சாதாரண தர மாணவர்களுக்கு ஸூமில் கணித வகுப்பு ஆரம்பித்தோம். நல்ல ஆசிரியர், நல்ல நோக்கம். முதல் நாள் வந்தவர்களில் பாதிப்பேர் மூன்றாம் கிழமை இல்லை. வீடு வீடாக விசாரித்தோம். வீட்டில் ஒரே ஒரு தொலைபேசி, மூன்று பிள்ளைகள். வாப்பா அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் வகுப்பு இல்லை. ஒரு மணித்தியால வீடியோவுக்கு டேட்டா போடக் காசும் இல்லை.

ஆசிரியரே வழி கண்டுபிடித்தார். ஒரு கணக்கை வெள்ளைத் தாளில் படிப்படியாகச் செய்து படம் எடுப்பார். அதற்கு நான்கு நிமிடக் குரல் விளக்கம். இரண்டையும் வட்ஸ்அப்பில் அனுப்புவார். வாப்பா இரவு வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் வரிசையாகக் கேட்டார்கள், செய்து படம் எடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். செலவும் குறைந்தது, வந்த பிள்ளைகளும் கூடினார்கள். கல்வி அமைச்சின் "ஈ-தக்சலாவ" தளத்திலும் தமிழ் மொழிப் பாடங்கள் உண்டு. சங்கக் கட்டிடத்தில் ஒரு இணைப்பு எடுத்து, பிள்ளைகள் அங்கே வந்து இறக்கிக்கொண்டு போக விட்டால் அதுவே பெரிய உதவி.

படிப்பு பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. புதிதாகத் தெரிவாகும் பொருளாளருக்குப் பற்றுச்சீட்டு எழுதுவது எப்படி, மாதக் கணக்கு முடிப்பது எப்படி, படிவம் திறப்பது எப்படி என்று ஐந்து நிமிட வீடியோக்கள் நான்கை ஒரு தடவை எடுத்து வைத்துவிட்டால், அடுத்த நிருவாகமும் அதற்கடுத்த நிருவாகமும் பாவிக்கும். எங்கள் சங்கத்தில் பற்றுச்சீட்டு வீடியோவில் பேசுவது நான்தான். என் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கருவி நின்றுபோகும் நாட்கள்

2018 மார்ச் மாதம் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் மாதம் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பிறகும் வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் நாட்கணக்கில் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3-ஆம் திகதியும் முடக்கினார்கள். அதே 2022-இல் மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டதும் நினைவிருக்கும். செய்தி மிகவும் தேவைப்படும் நாளில்தான் கருவி நிற்கிறது.

ஆகவே, தொலைபேசிச் சங்கிலி ஒன்று எழுதி வையுங்கள். தலைவர் ஐந்து பேருக்கு, அந்த ஐந்து பேரும் தத்தமது வீதியில் பத்துப் பேருக்கு என்று சாதாரணக் கோல். மாதம் ஒரு தடவை வீட்டுப் பட்டியலை அச்செடுத்து, சங்கக் காரியாலயத்தில் பூட்டி வையுங்கள். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்திலும் கடதாசியை வாசிக்கலாம்.

எடுப்பவரின் மானம்

கொடுப்பதைப் படம் எடுத்துப் போடும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. கணக்குக் காட்ட வேண்டும் என்பது சரிதான். கணக்குக் காட்டத் தேவை பில், பற்றுச்சீட்டு, கையொப்பம் ஆகியவை. ஒரு தாயின் முகம் அதற்குத் தேவையில்லை. பொதிகள் அடுக்கியிருப்பதைப் படம் எடுத்தால் போதும்.

பட்டியலும் அப்படித்தான். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை இருநூறு பேருள்ள குழுவில் போடுவது அமானிதத்தை மீறுவதாகும். நிருவாகத்தில் மூன்று பேருக்கு மட்டும் அந்தத் தாளைத் திறக்கும் அனுமதி இருக்கட்டும். நமது நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. மற்றவர்களின் விபரங்களைச் சேகரிப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்பதே அதன் சாரம். தேவையில்லாத விபரத்தைக் கேட்காமல் விடுவதுதான் முதற் பாதுகாப்பு.

சாவிக் கையளிப்பு

இனி, தலைப்பில் கேட்ட கேள்வி. உங்கள் சங்கத்தின் மின்னஞ்சல், பட்டியல், குழு ஆகியவற்றின் சாவி யாரிடம்? இவற்றைச் செய்யுங்கள்:

ஒன்று: சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்குத் திறவுங்கள். ஒருவரின் சொந்தக் கணக்கில் சங்க வேலை செய்யக் கூடாது. இலவசக் கூகுள் கணக்கில் 15 ஜீபி இடம் உண்டு. ஒரு சிறிய சங்கத்தின் கடிதங்களுக்கும் கணக்குகளுக்கும் அது போதும். இரண்டு வருடம் யாரும் திறக்காமல் விட்ட கணக்கை அழித்துவிடுவோம் என்று கூகுள் அறிவித்து, 2023 டிசம்பரிலிருந்து அதைச் செய்தும் வருகிறது. கவனம்.

இரண்டு: சங்கத்துக்கென்று ஒரு சிம் எடுங்கள். அதற்கான மீள்நிரப்புச் செலவு சங்கக் கணக்கில் வரட்டும். குறியீடுகள் அந்த இலக்கத்துக்கே வரவேண்டும். அந்தத் தொலைபேசி காரியாலயத்தில் இருக்கட்டும். வட்ஸ்அப்பும் 120 நாட்கள் பாவிக்காத கணக்கை நீக்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று: ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது இரண்டு நிருவாகிகள். கடைக் கதவுக்கு இரண்டு சாவி வைப்பது போல.

நான்கு: கடவுச்சொல்லை ஒரு கடதாசியில் எழுதி, உறையில் இட்டு, தலைவரும் பொருளாளரும் கையொப்பமிட்டு ஒட்டி, பெட்டகத்தில் வையுங்கள். வட்ஸ்அப்பில் இரண்டாம் கட்டப் பாதுகாப்பு இலக்கத்தையும் போட்டுவிடுங்கள். "உங்களுக்கு ஆறு இலக்கக் குறியீடு வந்திருக்கும், சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொல்லிக் கணக்கைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

ஐந்து: வருடாந்தப் பொதுக் கூட்டத்தில் புதிய நிருவாகம் தெரிவானதும், வங்கிப் புத்தகம், முத்திரை, கோவைகள் கையளிப்பது போல இந்தச் சாவிகளையும் பட்டியலிட்டுக் கையளித்து, அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கூட்ட அறிக்கையிலும் அதை எழுதுங்கள்.

இவை எதற்கும் பெரிய செலவு இல்லை. சிம் மீள்நிரப்பும் அச்சுக் கடதாசியும்தான். இளைஞர்கள் செய்து தருவார்கள், வயதானவர்கள் தள்ளி நிற்பதே நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். அதுதான் நான் செய்த பிழை. கணனியைத் தம்பிமார் இயக்கட்டும். எதைப் பதிய வேண்டும், யார் பார்க்க வேண்டும், சாவி எங்கே இருக்க வேண்டும் என்பது கணனி அறிவு அல்ல, கடை அறிவு. அது நம்மிடம்தான் இருக்கிறது.

இப்போது எங்கள் பட்டியலில் அந்தச் சகோதரியின் வீட்டுக்கும் ஒரு இலக்கம் இருக்கிறது. சென்ற நோன்புக்கு முதல் விபரம் சரிபார்க்கப் போனபோது, மூத்த மகன் தொழிலுக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்றும், இனி எங்களுக்கு வேண்டாம், பின்வளவில் இருப்பவர்களின் பெயரைப் போடுங்கள் என்றும் சொன்னார். அவரிடம் நாம் பட்ட கடன் அதனால் தீர்ந்துவிடவில்லை. பின்வளவு வீட்டின் பெயரை அங்கேயே நின்று தாளில் பதிந்துவிட்டு, பதிந்ததை அவருக்குக் காட்டிவிட்டுத்தான் வந்தேன்.

வாசிக்கும் சகோதரர்களே, இந்தக் கிழமை ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சங்கத்தின் செயலாளருக்குக் கோல் எடுத்து, "நாளைக்கு நீங்கள் வெளிநாடு போனால் நமது பட்டியலை யார் திறப்பார்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் யோசித்தால், அடுத்த கூட்டத்தின் முதலாவது விடயம் அதுவாக இருக்கட்டும்.

இன்ஷா அல்லாஹ் மீண்டும் சந்திப்போம். வஸ்ஸலாம்.